ஓய்வுபெற்ற போலீஸ்காரரும் பேசட்டும்

கேள்வி: வட அயர்லாந்து மோதல் காலத்தில் வேலை பார்த்த போலீஸ்காரர்களும் நிருபர்களும் இப்போது மேடையேறி அனுபவம் சொல்கிறார்களாம். அரசு விசாரணை அறிக்கைகள்தான் இருக்கின்றனவே, ஆளுக்கொரு குரலில் பேசுவதைக் கேட்டு என்ன பயன்?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்க வேண்டுமா, அயர்லாந்தோடு சேர வேண்டுமா என்று 1960களின் கடைசியிலிருந்து 1998 வரை நடந்த மோதல் அது. அந்த ஊரில் குரலுக்கே தடை இருந்தது, தெரியுமா? 1988 அக்டோபரில் பிரிட்டனின் தாட்சர் அரசு ஓர் உத்தரவு போட்டது. அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற சின் ஃபெய்ன் கட்சி உள்ளிட்ட சில அமைப்புகளின் சார்பில் பேசுபவர்களின் குரல் வானொலியிலும் டிவியிலும் வரக் கூடாது. முகத்தைக் காட்டலாம், சொன்னதை எழுத்தில் போடலாம், குரல் மட்டும் ஆகாது. டிவிக்காரர்கள் நடிகர்களைக் கூப்பிட்டு டப்பிங் பேச வைத்தார்கள். சின் ஃபெய்ன் தலைவர் ஜெரி ஆடம்ஸ் வாயசைப்பார், நடிகர் ஸ்டீபன் ரே பேசுவார். ஆடம்ஸ் அப்போது மேற்கு பெல்ஃபாஸ்ட்டின் எம்.பி. ஓட்டுப் போட்ட சனங்களுக்கே செய்தியில் அவர் குரல் கிடையாது. 1994 செப்டம்பர் வரை இது நடந்தது. ஒரு மனிதரின் குரலைக் கண்டு அரசு அவ்வளவு பயந்தது என்றால், அதைக் கேட்க நமக்கு அதைவிட வேறு காரணம் வேண்டாம்.

சரி, அரசு அறிக்கைக்கு வருவோம். 1972 ஜனவரி 30 அன்று டெரி நகரில் ஊர்வலம் வந்தவர்கள் மீது பிரிட்டிஷ் ராணுவம் சுட்டு 13 பேர் செத்தார்கள். சில வாரங்களிலேயே வந்த அரசு விசாரணையான விட்ஜரி அறிக்கை ராணுவத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிவிட்டது. செத்தவர்களில் சிலர் ஆயுதம் வைத்திருந்திருக்கலாம் என்ற பழி நீங்க, இரண்டாவது விசாரணையின் சேவில் அறிக்கை 2010இல் வர வேண்டியிருந்தது. அதற்காக 900க்கும் மேற்பட்டவர்கள் நேரில் சாட்சி சொன்னார்கள், அன்று அங்கிருந்த நிருபர்களும் புகைப்படக்காரர்களும் உட்பட. பழைய நோட்டுப் புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள் என்று நிருபர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். நேரில் இருந்தவர் சொல்வதெல்லாம் உண்மை என்று நான் வாதாடவில்லை. ராணுவத்தினர் பலர் தெரிந்தே பொய் சொன்னதையும் அதே அறிக்கைதான் எழுதியது. நிறையப் பேரைக் கேட்டதால் பொய் பிடிபட்டது.

போலீஸ் கதையும் இப்படித்தான். அப்போதைய வட அயர்லாந்து போலீஸான ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரியில் சுமார் 300 பேர் கொல்லப்பட்டார்கள். காரை எடுக்குமுன் அடியில் குனிந்து வெடிகுண்டு தேடுவது, சீருடைச் சட்டையை வெளியே கொடியில் காயப்போடாதது, அப்பா என்ன வேலை என்று பிள்ளைகள் பள்ளியில் மறைப்பது, இதையெல்லாம் அந்த வீட்டு ஆள்தான் சொல்ல முடியும். அதே போலீஸிடம் காசில்ரே விசாரணை மையத்தில் அடி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். கைதிகளின் காயங்களில் சில, அவர்களே ஏற்படுத்திக்கொண்டவை அல்ல என்று 1979இல் அரசு விசாரணையான பென்னட் அறிக்கையே ஒப்புக்கொண்டது. அவர்களையும் அதே மேடையில் ஏற்ற வேண்டும். போலீஸ்காரரை மட்டும் உட்கார வைத்துக் கைதட்டுகிற கூட்டத்துக்கு நான் போக மாட்டேன்.

அப்புறம், பேச முடியாமல் போன ஒரு நிருபர். 1998இல் சமாதான ஒப்பந்தம் வந்து மூன்று வருடம் கழித்து, 2001 செப்டம்பரில், லர்கன் ஊரில் மனைவியோடு நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மார்ட்டின் ஓ'ஹேகனைச் சுட்டுக் கொன்றார்கள். ஆயுதக் குழுக்களைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். அந்தக் கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. அன்றைக்கு வேலையில் இருந்த போலீஸ்காரர் யாராவது மேடையேறினால், முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள்.