மான் வேட்டைக்கு உதை கம்மியான ரைஃபிள் எது?

கேள்வி: டெக்சாஸ்ல ஆஸ்டின் பக்கம் இருக்கோம். வீட்டுக்காரரோட ஆபீஸ் நண்பர்கள் வருஷா வருஷம் ஹில் கன்ட்ரில ஒரு பண்ணைக்கு மான் வேட்டைக்குப் போவாங்க, இந்த நவம்பர்ல என்னையும் கூப்பிட்டிருக்காங்க. பழகிப் பாருங்கன்னு ஒரு .30-06 ரைஃபிளைக் குடுத்தாங்க, நாலு தோட்டா சுடறதுக்குள்ள அது பின்னாடி உதைச்சு உதைச்சு தோள்பட்டை கன்னிப்போச்சு. எனக்குன்னு எது வாங்கலாம்? - ஒரு வாசகி

பதில்: சகோதரி, வலியைவிட அந்த வலியால வர்ற பயம்தான் பெரிய பிரச்சனை. அடுத்த தோட்டாவுக்கு ட்ரிகர்ல விரல் வைக்கும்போதே உடம்பு தானா இறுகி கண்ணு மூடி பேரல் கீழ இறங்கிடும், குண்டு மானோட வயித்துல பட்டா அது மணிக்கணக்கா தவிச்சு எங்கேயோ புதருக்குள்ள போய் சாகும். அந்தக் கொடுமை நடக்கவே கூடாது, அதனால நீங்க பயப்படாம சுடக்கூடிய துப்பாக்கிதான் உங்களுக்கு சரியான துப்பாக்கி, கூட வர்றவங்க என்ன சொன்னாலும் சரி.

எட்டு பவுண்டு ரைஃபிள்ல 180 கிரெய்ன் (குண்டோட எடையை கிரெய்ன்லதான் சொல்லுவாங்க) குண்டு போட்ட .30-06 சுமார் 20 ஃபுட்-பவுண்டு (உதையோட வேகத்தை அளக்கற கணக்கு) உதைக்கும். .243 வின்செஸ்டர்ங்கற தோட்டா வகை கிட்டத்தட்ட அதுல பாதிதான். 6.5 க்ரீட்மோர், 7எம்எம்-08 ரெமிங்டன்ங்கற மத்த ரெண்டு வகையும் பன்னண்டு பதிமூணு பக்கம் வரும். ஹில் கன்ட்ரி வெள்ளைவால் மான் வடக்கு மாநிலங்கள்ல இருக்கறது மாதிரி பெருசு கிடையாது, ஃபீடர் (மானுக்குத் தீனி போடற பெட்டி) பக்கத்துல மறைவிடத்துல உக்காந்து நூறு கஜத்துக்குள்ள சுடறதுதான் அங்க வழக்கம், அதுக்கு .243 தாராளமா போதும். 1955லேர்ந்து அந்த கேலிபர்ல (தோட்டா அளவுல) மான் விழுந்துக்கிட்டுதான் இருக்கு. பின்னாடி வேற மாநிலத்துல பெரிய மானுக்கும் போவோம்னு தோணுச்சுன்னா 7எம்எம்-08 வாங்கிடுங்க, 140 கிரெய்ன்ல அது ரொம்ப நல்ல கேட்ரிட்ஜ் (தோட்டா), என்னைக் கேட்டா அதுதான் என் சாய்ஸ்.

கேலிபரைவிட குண்டுதான் முக்கியம், இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. .243ல 55, 58 கிரெய்ன்ல வர்றதெல்லாம் கயோட்டி (அமெரிக்கக் குள்ளநரி) மாதிரி சின்ன மிருகத்துக்கு, மான் மேல பட்டா தோள்லயே சிதறிடும், உள்ள போகாது. மானுக்குன்னு பெட்டியில போட்டிருக்கற 90லேர்ந்து 100 கிரெய்ன் எடுங்க. ஃபுல் மெட்டல் ஜாக்கெட் (முழுக்க கெட்டியான உலோக உறை போட்ட குண்டு) வேணவே வேணாம், அது விரியாம ஊசி மாதிரி துளைச்சிட்டு அந்தப் பக்கம் போயிடும், மான் ஓடிடும். குண்டு போக வேண்டிய இடம் முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னாடி, உடம்போட உயரத்துல கீழேர்ந்து மூணுல ஒரு பங்கு, இதயமும் நுரையீரலும் அங்கதான் இருக்கு. பக்கவாட்டுல நிக்கலைன்னா சுடாதீங்க, காத்திருங்க.

இன்னொண்ணு, கையில தூக்க லேசா இருக்கேன்னு ஆறு பவுண்டுக்கும் கம்மியான ரைஃபிளை எடுத்தீங்கன்னா .243யே நல்லா உதைக்கும். உங்க கை நீளத்துக்கு ஏத்த, தோள்ல வைக்கற பின்பக்கக் கட்டையும் கெட்டியான ரப்பர் பேடும் இருக்கான்னு பாத்துக்கோங்க. பேரல் முனையில மாட்டற மஸில் பிரேக் உதையைக் குறைக்கும், ஆனா சத்தம் காதைக் கிழிச்சிடும். இப்போதைக்கு புதுசு வாங்க வேணாம்னா அந்த .30-06க்கே ஹார்னடி கஸ்டம் லைட்னு 125 கிரெய்ன்ல உதை குறைச்ச தோட்டா வருது, மாத்தினா குறிபார்க்கற ஸ்கோப்பை மறுபடி செட் பண்ணாம காட்டுக்குப் போகாதீங்க.

பழகும்போது யாரையாவது விட்டு நிஜத் தோட்டாவுக்கு நடுவுல டம்மி தோட்டாவை உங்களுக்குத் தெரியாம மேகசின்ல கலந்து வைக்கச் சொல்லுங்க. டம்மி வந்து க்ளிக்னு மட்டும் கேக்கும்போது பேரல் முனை குதிக்குதான்னு பாருங்க, குதிச்சா பயம் இன்னும் போகலைன்னு அர்த்தம், அப்போ உதையே இல்லாத மாதிரி இருக்கற சின்ன .22 ரைஃபிள்ல கொஞ்ச நாள் பழகிட்டு வாங்க. பழக மட்டும்தான் .22, டெக்சாஸ்ல வெள்ளைவால் மானை ரிம்ஃபயர்ல (.22 மாதிரி, விளிம்புல அடிச்சு வெடிக்கற தோட்டா) சுடறது சட்டப்படி கூடாது. 1971 செப்டம்பர் 2 அல்லது அதுக்கு அப்புறம் பொறந்தவங்கன்னா ஹன்டர் எஜுகேஷன்ங்கற வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடிச்சிருக்கணும்.

கேள்வி: ஈயக் குண்டு பட்ட மான் கறியை குழந்தைங்களுக்குக் குடுக்கலாமா?

பதில்: ஈயக் குண்டு உடைஞ்சு கண்ணுக்குத் தெரியாத துணுக்கா காயத்தைத் தாண்டியும் கறிக்குள்ள பரவும். அதனால குழந்தைங்களும் கர்ப்பிணிகளும் சாப்பிடற வீடுன்னா முழுக்க செம்புல செஞ்ச குண்டையே வாங்குங்க. கலிஃபோர்னியால 2019 ஜூலைலேர்ந்து வேட்டைக்கு ஈயமே கூடாது. செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால .243ல 80, 85 கிரெய்னே நல்லா வேலை செய்யும், உதையும் இன்னும் கொறையும்.

கேள்வி: நான் ஹெச்-1பி விசாவுல இருக்கேன், துப்பாக்கியைத் தொடலாமா?

பதில்: தம்பி, இதை லேசா எடுத்துக்காதீங்க. உங்க மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக் கூடாதுங்கறதுதான் ஃபெடரல் சட்டம், செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா அதுக்கு விலக்கு உண்டு. அதனால லைசென்ஸ் எடுத்த பிறகுதான் மத்ததெல்லாம், அது காலாவதி ஆகாமலும் பாத்துக்கோங்க, சந்தேகம் இருந்தா இமிக்ரேஷன் வக்கீலைக் கேட்டுடுங்க. ஊருக்குக் கிளம்பும்போது வேட்டைக்குக் கொண்டுபோன பையோட ஒவ்வொரு பாக்கெட்டையும் தடவிப் பாருங்க, ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்து சென்னை ஏர்போர்ட்ல சிக்கினாலும் ஆயுதச் சட்டத்துல கேஸ் போட்டுடுவாங்க.