குற்றம் செய்த சிறாரை வைக்கும் பெரிய இல்லத்தை மூடிவிட்டுச் சின்னதாகச் சிகிச்சை இல்லம் கட்டினால் பாதுகாப்பு குறைந்துவிடாதா?

பூட்டு அப்படியேதான் இருக்கும். உள்ளே நடப்பதுதான் மாறும். அமெரிக்காவின் மிசூரி மாநிலம் பூன்வில் ஊரில் இருந்த பெரிய சிறார் சீர்திருத்தப் பள்ளியை 1983-ல் மூடியது. பிறகு வந்த சிறிய இல்லங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குழு. படிப்பு, சாப்பாடு, மனநல ஆலோசனை எல்லாம் அந்தக் குழுவோடுதான். நூறு பேர் கூடத்தில் ஒருவன் சாப்பிடாவிட்டால் யார் கவனிப்பார்கள்? பத்துப் பேரில் தட்டைப் பார்த்தாலே தெரியும்.

நம் 2015 சிறார் நீதிச் சட்டப்படி சிறப்பு இல்லத்தில் (குற்றம் செய்த சிறாரைச் சீர்திருத்த வைக்கும் இல்லம்) அதிகபட்சம் 3 ஆண்டுதான். பையன் எப்படியும் வெளியே வருவான்.

கேரளாவில் தமிழர் நிறைய இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இன்னொரு சிக்கல், மொழி. எங்கள் தெருவில் இருக்கும் பையன் ஒருவனோடு ஆலோசனைக்குப் போயிருந்தேன். தமிழ் மீடியத்தில் படித்தவன். அவன் மலையாளம் கடைவீதிக்குப் போதும், மனசைச் சொல்ல வராது. எது கேட்டாலும் "ஆமா" என்றான். நான் தமிழில் கேட்டதும்தான், ராத்திரியில் தூக்கமே வருவதில்லை என்றான்.

பொள்ளாச்சியில் பிடிபட்ட, இவனைப் போலத் தமிழ் பேசும் கேரளப் பையனைச் சொந்த மாவட்டத்துக்கு மாற்ற அதே சட்டத்தின் 95-ஆம் பிரிவு இடம் தருகிறது. சரி, அங்கே தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டாமா? கட்டடத்தைவிட இதற்குத்தான் செலவு பிடிக்கும். சில்லறைத் திருட்டுக்கெல்லாம் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தால் சின்ன இல்லமும் ஆறே மாதத்தில் நிரம்பி வழியும்.