எலும்பு கூடிவிட்டது, கால் தேறிவிட்டதா?

அன்புள்ள ஐயா,

கணுக்கால் முறிவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் அம்மாவுக்கு வயது 65. எட்டு மாதங்களுக்கு முன் மழையில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் முறிந்து, தகடும் திருகாணிகளும் வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருப்பதாக மருத்துவர் சொல்கிறார். அம்மாவோ இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறி இறங்குகிறார். கோயிலில் தரையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வலி, நடை பற்றிக் கேட்கும் ஒரு படிவம் தருகிறார்கள். போன முறை அவசரத்தில் நானே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். வலிக்கு மதிப்பெண் போடுவதால் யாருக்கு என்ன பயன்? தகட்டை எடுத்துவிடலாமா?

ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள வாசகிக்கு,

மருத்துவர் சொல்வதும் சரி, உங்கள் அம்மா சொல்வதும் சரி. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். மூட்டின் விறைப்பையோ மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தையோ காட்டாது. 2016இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், கணுக்கால் முறிந்த, அறுபது வயதைக் கடந்த 620 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சையும், மற்றவர்களுக்குக் காலோடு ஒட்டிய மாவுக்கட்டும் அளித்துப் பார்த்தார்கள். எலும்பு கோணலாகக் கூடியவர்கள் மாவுக்கட்டுப் பிரிவில் 15 விழுக்காடு, அறுவை சிகிச்சைப் பிரிவில் 3 விழுக்காடு. ஆனால் ஆறு மாதம் கழித்து நோயாளிகளையே கேட்டுக் கணக்கிட்ட மதிப்பெண், மாவுக்கட்டுப் பிரிவினருக்கு 64.5, அறுவை சிகிச்சைப் பிரிவினருக்கு 66 என ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. படத்தை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

அந்த மதிப்பெண் 1984இல் சுவீடனில் உருவான ஒலெருட் மொலாண்டர் அளவுகோலின்படி போடப்பட்டது. ஒன்பது கேள்விகள், மொத்தம் 100. வலிக்கு மட்டும் 25: வலியே இல்லையென்றால் முழுவதும் கிடைக்கும், மேடுபள்ளத்தில் மட்டும் வலித்தால் 20, வெளியே சமதரையில் நடந்தாலே வலித்தால் 10. மாடிப்படிக்கு 10, சிரமத்துடன் ஏறும் உங்கள் அம்மாவுக்கு அதில் 5 கிடைக்கும். குந்தி உட்காருவதற்கு 5 மட்டுமே. ஓடுவதற்கும் குதிப்பதற்கும்கூட அதே 5தான். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஓடாமலும் குதிக்காமலும் நம் வீட்டுப் பெரியவர்கள் காலம் தள்ளிவிடுவார்கள். தரையில் அமர்ந்து எழ முடியாவிட்டால் கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொள்வார்கள். தொழுகையில் பாதத்தை மடித்து அமர்பவர்களுக்கும் இதே நிலைதான்.

ஆனாலும், குறையுள்ள அளவுகோலாக இருந்தாலும் அதையே ஒவ்வொரு முறையும் பயன்படுத்தினால் கால் தேறுகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்பது புலப்படும். அமெரிக்கக் கால் மற்றும் கணுக்கால் அறுவை சிகிச்சைச் சங்கத்தின் பழைய அளவுகோல் மருத்துவர் சோதித்தறிந்ததையும் நோயாளி சொன்னதையும் ஒரே கூட்டுத்தொகையில் கலந்தது. பல்லாண்டுகள் புழங்கிய பின் அதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று 2011இல் அச்சங்கமே அறிவித்தது. இன்னொரு சிக்கல் முறிவுக்கே உரியது. முழங்கால் மாற்று சிகிச்சைக்குப் போகிறவர் முன்கூட்டியே படிவத்தை நிரப்பிவிடலாம்; வழுக்கி விழுவதற்கு முந்தைய நாள் யாரும் படிவம் நிரப்புவதில்லை. ஆகவே பழைய நிலையைப் பிற்பாடு நினைவிலிருந்து கேட்டுத்தான் ஒப்பிட வேண்டியிருக்கிறது, வலியில் இருப்பவருக்கோ பழைய கால் உள்ளதைவிட நன்றாக இருந்ததாகத் தோன்றலாம்.

நீங்களே நிரப்பிக் கொடுத்த அந்தப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேள்விகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், தமிழில் விளக்குங்கள். பதில் அவருடையதாகவே இருக்கட்டும். உடனிருப்பவர்கள் பார்ப்பது நடையை. இரவில் கால் விறுவிறுப்பது அவருக்குத்தான் தெரியும். போன முறை நிரப்பியது நீங்கள் என்பதை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மதிப்பெண் குறையும்போது கால் மோசமாகிவிட்டதாக அவர் எண்ணக்கூடும்.

தகட்டை எடுப்பதா வேண்டாமா என்பது அறுவை சிகிச்சை நிபுணர் காலைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. செருப்பு வார் உரசும் இடத்தில், தகட்டுக்கு நேர் மேலே வலிக்கிறதா, மூட்டுக்குள் வலிக்கிறதா என்று அம்மாவை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதலாவதென்றால் தகட்டை எடுப்பதால் பலன் கிடைக்க வாய்ப்புண்டு; இரண்டாவதென்றால் அதை எடுத்தாலும் வலி அப்படியே இருக்கக்கூடும். நான் சொன்ன அந்தப் படிவத்தில் இதற்குக் கட்டமில்லை, அதனால் வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும்.