ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவுக்கு எது நல்லது: ஆர்.எஃப்.ஏ.வா, கிரையோவா, ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்டா?

தொடை எலும்பில் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சின்ன எலும்புக் கட்டி இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள்; ரேடியோ அலைவரிசை மின்சாரச் சூட்டால் அழிக்கும் ஆர்.எஃப்.ஏ., உறையவைத்து அழிக்கும் கிரையோ, ஒலி அலைகளைக் குவித்து அழிக்கும் ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்டு ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சி.டி. அறையில் இந்தச் சிகிச்சைகளுக்கு உதவியாக நிற்பவன் நான். தொடை எலும்பு என்றால் என் ஓட்டு ஆர்.எஃப்.ஏ.வுக்குத்தான்.

இது புற்றுநோய் இல்லை. நடுவில் இருக்கும் கரு, அதாவது நைடஸ், பெரும்பாலும் 1.5 செ.மீ.க்குள்தான் இருக்கும். அது சுரக்கிற புரோஸ்டாகிளாண்டின் என்ற வலியைத் தூண்டும் வேதிப்பொருள்தான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் வலிக்கு முக்கியக் காரணம். ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ போட்டால் வலி அடங்குவதும் அதனால்தான். எனவே எலும்பை வெட்டி எடுக்க வேண்டாம், கருவை அழித்தால் போதும்.

ஆர்.எஃப்.ஏ. 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. சி.டி.யில் பார்த்துக்கொண்டே எலும்பில் சின்னத் துளை போட்டு, மின்முனையைக் கருவுக்குள் செலுத்தி, நுனியைச் சுமார் 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் 5, 6 நிமிடம் வைப்பார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு ஒரே தடவையில் வலி போய்விடுகிறது. மயக்க மருந்து அவசியம். ஊசி கருவைத் தொட்டதும், ஆள் மயக்கத்தில் இருந்தாலும் இதயத்துடிப்பு எகிறும். அவ்வளவு வலிக்கிற இடம் அது. சூடு எதுவரை பரவியது என்று சி.டி.யில் தெரியாது என்பதுதான் இதன் குறை. தோலுக்கோ நரம்புக்கோ ஒட்டியிருக்கும் கட்டி என்றால் அது பெரிய விஷயம்.

அங்கேதான் கிரையோ கைகொடுக்கும். ஆர்கான் வாயுவால் உறையவைக்கும்போது உருவாகும் பனிப்பந்து சி.டி.யிலேயே தெரியும், பக்கத்தில் இருப்பதைத் தொடாமல் நிறுத்தலாம். ஆனால் உறைய வைத்து, உருகவிட்டு, மறுபடி உறைய வைப்பதால் நேரம் பிடிக்கும்.

ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்டில் துளையும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை; எம்.ஆர்.ஐ.க்குள்ளேயே நடக்கும். கேட்கவே ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒலி அலை கருவை எட்ட வழி வேண்டும். தடித்த எலும்புக்குள் ஆழமாக இருந்தாலோ முதுகெலும்பில் நரம்பை ஒட்டி இருந்தாலோ சரிப்படாது. மயக்க மருந்தோ நரம்பு மரக்கும் ஊசியோ இதற்கும் வேண்டும். எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு: பயாப்சிக்குத் திசு கிடைக்காது. ஊசி வழி என்றால் அதே துளையில் எடுத்துவிடலாம். எலும்புக்குள் நாள்பட்டு இருக்கும் சீழ்க்கட்டிகூடப் படத்தில் இதே மாதிரி தெரிவதுண்டு, அதனால் சந்தேகம் இருந்தால் திசு முக்கியம்.

மைக்ரோவேவ், லேசர் முறைகளும் உண்டு. மைக்ரோவேவ் வேகமானது, ஆனால் இவ்வளவு சின்னக் கருவுக்கு அதன் சூடு கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.

அப்புறம், மாத்திரைக்கு வலி நன்றாகக் கட்டுப்பட்டு, வயிறும் சிறுநீரகமும் ஒத்துழைத்தால் காத்திருப்பதும் ஒரு வழி. சில வருடங்களில் தானாகவே அடங்கிவிடும் கட்டிகள் உண்டு. சிகிச்சைதான் என்று முடிவானால், கருவிலிருந்து பக்கத்து நரம்பும் தோலும் எவ்வளவு தூரம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். துளை போட்ட எலும்பு பலவீனமாக இருக்கும், எனவே ஓடுவதையும் குதிப்பதையும் எத்தனை வாரம் தள்ளிப்போட வேண்டும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.