டிக்கியில் சுமை ஏற்றினால் பின்பக்கம் தாழ்கிறதே?

கேள்வி: என் காருக்கு 25 வயது. பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் கசிகிறது. கம்பெனி பாகம் இப்போது வருவதில்லை. சாதாரண ஆயில் ஷாக், கேஸ் ஷாக், ஹெவி டியூட்டி என மூன்று வகை கிடைக்கின்றன. டிக்கியில் சுமை ஏற்றினால் வண்டி பின்னால் தாழ்ந்துவிடுகிறது. ஹெவி டியூட்டி போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் அளந்து பாருங்கள். சர்வீஸ் கையேட்டில் உள்ள உயரத்தைவிடக் குறைந்தாலோ, இரண்டு பக்கத்துக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ முதலில் ஸ்பிரிங்கைக் கவனியுங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கோடு ஹெவி டியூட்டி போன்ற இறுக்கமான ஷாக்கைப் போட்டால் நிலைமை மோசமாகும். பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் நிமிர்வதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். தொடர்ந்து குழிகள் உள்ள சாலையில் பின்பக்கம் படிப்படியாக இறங்கி, பம்ப் ஸ்டாப் ரப்பரில் (ஆக்ஸில் மேலே போய் பாடியில் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) இடிக்கும்.

ஹெவி டியூட்டியா இல்லையா என்பதைவிட முக்கியம் நீளம். பழைய ஷாக்கைக் கழற்றி அதே நீளத்தில் வாங்குவது எளிய வழி. ஆனால் இத்தனை வருடத்தில் யாரோ வேறு வண்டியின் ஷாக்கை மாட்டியிருக்கவும் கூடும். அதனால் வண்டியிலேயே அளந்துவிடுங்கள். வண்டி தரையில் நிற்கும்போது ஷாக்கின் மேல் மவுண்டிங்குக்கும் கீழ் மவுண்டிங்குக்கும் (ஷாக்கை வண்டியோடு பிணைக்கும் இடங்கள்) உள்ள தூரம் 420 மி.மீ. என்று வையுங்கள். பம்ப் ஸ்டாப்புக்கும் அது முட்டும் இடத்துக்கும் இடைவெளி 70 மி.மீ. கழித்தால் 350. ரப்பரும் நசுங்கும் என்பதால் இன்னும் 25 கழியுங்கள். ஆக, புது ஷாக் முழுக்க அமுங்கிய நிலையில் 325 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் பம்ப் ஸ்டாப் வேலை செய்வதற்கு முன்பே ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் இடித்து வால்வு உடையும். (ஷாக் ஏறக்குறைய செங்குத்தாக, ஆக்ஸிலோடு நேரடியாக மாட்டியிருந்தால்தான் இந்தக் கணக்கு. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தொகுப்பாக வரும் வண்டிகளில் ஸ்பிரிங் உட்காரும் தட்டின் உயரமும் பொருந்த வேண்டும். அங்கே அந்த மாடலுக்கான பாகத்தைத் தவிர வேறு எதையும் முயலாதீர்கள்.)

முழுக்க நீண்ட அளவையும் பாருங்கள். காயில் ஸ்பிரிங் உள்ள பல வண்டிகளில் ஆக்ஸில் அளவுக்கு மேல் இறங்காமல் பிடித்து நிறுத்துவதே ஷாக்தான். நீளம் கூடினால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவலாம், பிரேக் ஹோஸ் இழுபடலாம். குறைந்தால் ஒவ்வொரு குழியிலும் ஷாக் இழுத்து இழுத்து மவுண்டிங் பிய்ந்துவிடும்.

வகையைப் பொறுத்தவரை, பழைய குடும்பக் காருக்குக் குறைந்த அழுத்த கேஸ் நிரப்பிய இரட்டைக் குழாய் ஷாக் (ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் உள்ள வகை) போதும். சாதாரண ஆயில் ஷாக்கில், மேடுபள்ளத்தில் வெகுநேரம் ஓட்டினால் ஆயிலோடு காற்று கலந்து நுரைத்து அடக்கும் சக்தி குறையும். நைட்ரஜன் அழுத்தம் அந்த நுரையைத் தடுக்கிறது. அதிக அழுத்த ஒற்றைக் குழாய் வகை பின்பக்கத்தைச் சற்றே தூக்கும், சவாரியும் விறைப்பாகும். மவுண்டிங் தகடு துருப்பிடித்திருந்தால் அது வேண்டாம். காற்றடித்து உயரம் கூட்டும் ஷாக்கைப் பழைய வண்டிக்கு நாங்கள் சொல்வதே இல்லை. ஸ்பிரிங் சுமக்க வேண்டிய எடையில் ஒரு பங்கை மெல்லிய ஷாக் மவுண்டிங்கின் தலையில் வைத்தால் தகடு விரிசல் விடும்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா?

பதில்: கூடாது. ஜோடியாகத்தான்.

கேள்வி: புது ஷாக் மாட்டியதும் பின்னால் ‘டொக் டொக்’ என்று சத்தம். ஷாக் போலியா?

பதில்: பெரும்பாலும் மாட்டிய விதத்தில்தான் கோளாறு இருக்கும். இரட்டைக் குழாய் ஷாக் படுத்த நிலையில் வைத்திருந்தால் உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து, முழுக்க இழுத்து முழுக்க அமுக்கி நாலைந்து முறை செய்ய வேண்டும். பிறகு மாட்டும்வரை சாய்க்கக் கூடாது.

அடுத்து, மேல் நட்டைப் பாருங்கள். தண்டு வகை மவுண்டிங்கில் (ஷாக்கின் தண்டே துளை வழியாக மேலே வந்து நட்டில் பிடிபடும் வகை) ரப்பர் லேசாகப் பிதுங்கி வாஷரின் விளிம்புக்கு வரும்வரை இறுக்கினால் போதும். தளர்ந்திருந்தால் சத்தம், மிஞ்சினால் ரப்பர் கிழியும். நட்டோடு தண்டு சுற்றினால் அதன் நுனியில் உள்ள தட்டையான பகுதியை ஸ்பேனரால் பிடியுங்கள். தண்டின் பளபளக்கும் பகுதியில் பிளையர் போட்டால் கீறல் விழுந்து, அந்தக் கீறல் ஆயில் சீலைக் கிழித்துவிடும்.

கீழே வளையமும் அதற்குள் ரப்பர் புஷ்ஷும் இருந்தால், சக்கரம் தொங்கும் நிலையில் அந்த போல்ட்டை முடுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முடுக்கு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

மறுபடி கழற்றும்போது வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். துருவேறிய நட்டுகளுக்கு முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.