ராகு சூளையும் ராகு காலமும்

அடுத்த மாதம் நாகமலைப் பக்கம் ஒரு தோப்பில் ராகு சூளை போடுகிறோம். வரப்போகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

திருநகரிலிருந்து ஒருவர்: ராகு காலத்தில்தான் சுடணுமா அக்கா?

இது கிரகம் இல்லை, ஜப்பான் ராகு; பானை சுடும் ஒரு முறை. 16ஆம் நூற்றாண்டில் கியோட்டோவில் சோஜிரோ என்ற குயவர் செய்த தேநீர்க் கிண்ணங்களில் தொடங்கியது. எமகண்டத்திலும் சுடலாம்.

செல்லூர்: முதல் தடவை வருகிறேன். அன்றைக்கு என்ன நடக்கும்?

ஏற்கெனவே ஒரு தடவை சுட்ட பானையில் கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு) பூசி, நன்றாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். ஈரம் இருந்தால் சூளைக்குள்ளேயே வெடிக்கும், பக்கத்துப் பானையையும் சேர்த்து.

சூளை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். உள்ளே செராமிக் ஃபைபர் என்ற சூடு தாங்கும் பஞ்சு ஒட்டிய தகர டிரம், கீழே ஒரு கேஸ் பர்னர், அவ்வளவுதான். சுமார் ஒரு மணி நேரத்தில் 950 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். துளை வழியாகப் பார்த்தால் கிளேஸ் முதலில் கொப்பளிக்கும். அப்புறம் கொப்புளம் அடங்கி, எண்ணெய் தடவியது போல மினுங்கும். அதுதான் நேரம். தணலாகச் சிவந்திருக்கும் பானையை நீள இடுக்கியால் தூக்கி, மரத்தூள் நிரப்பிய தகர டின்னில் இறக்க வேண்டும். குப்பென்று பற்றும்; உடனே மூடி.

உள்ளே காற்று தீர்ந்ததும் நெருப்பு கிளேஸில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்க ஆரம்பிக்கும். தாமிரம் கலந்த கிளேஸ் புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடம் மாதிரி மின்னுவது அதனால்தான். வெள்ளைக் கிளேஸ் திடீர்க் குளிரில் மயிரிழையாக வெடிப்பு விடும், புகைக்கரி அதில் இறங்கிக் கறுப்புக் கோடாகும். கிளேஸ் படாத மண் கன்னங்கரேலென்று ஆகிவிடும். இருபது நிமிடம் மூடியைத் தொடாதீர்கள். ஆசையில் திறந்து எட்டிப் பார்த்து ஒரு புருவத்தை இழந்தவள் சொல்கிறேன்.

பருத்தி உடை, மூடிய செருப்பு, கட்டிய கூந்தல். நைலான் துப்பட்டா கூடாது.

பழங்காநத்தம்: விளாச்சேரியில் பொம்மைக்கு எடுக்கும் மண் போதுமா?

தனியாகப் போதாது, சூட்டு அதிர்ச்சியில் விரிசல் விடும். சுட்ட ஓட்டுத் துண்டுகளை இடித்துச் சலித்த தூளை நாலில் ஒரு பங்கு கலந்து பிசையுங்கள்.

அனுப்பானடி: ராகு கப்பில் காபி குடிக்கலாமா?

கூடாது. கப்பின் உடம்பெல்லாம் நுண்துளை, கிளேஸெல்லாம் வெடிப்பு. தாமிரமும் இறங்கும்.

சிவகங்கை, ஓர் ஆசிரியர்: கீழடியில் கிடைத்த கருப்பு-சிவப்புப் பானையும் ராகுதானே? நாம்தான் முன்னோடி என்று ஏன் சொல்வதில்லை?

அது ராகு இல்லை சார். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்புறமும் விளிம்பும் காற்றில்லாமல் கறுத்தன, வெளிப்புறம் காற்றுபட்டுச் சிவந்தது என்பதுதான் பரவலான விளக்கம். கிளேஸ் கிடையாது. சிவக்கச் சிவக்க வெளியே எடுப்பதும் கிடையாது.

அவரே மறுபடி: காற்றைத் தடுத்துக் கறுப்பாக்குவது இரண்டிலும் ஒன்றுதானே?

இட்லியும் ஆவியில்தான் வேகிறது, புட்டும் ஆவியில்தான் வேகிறது. அதற்காக இட்லியைப் புட்டு என்போமா? கீழடிப் பானைக்கு ஜப்பான் பெயர் வைத்தால்தான் மதிப்பா? எனக்கு அதுதான் கோபம்.

மானாமதுரை: குறுக்கே வருகிறேன். மரத்தூள் புகையே ஜப்பான் இல்லை, அமெரிக்கா என்கிறார்களே?

சரியாகச் சொன்னீர்கள். ஜப்பானில் சூளையிலிருந்து எடுத்து அப்படியே ஆறவிடுவார்கள். புகையில் போட்டு மூடுவது 1960 வாக்கில் அமெரிக்கக் குயவர் பால் சோல்ட்னர் தொடங்கியது. ஆகவே ஆசிரியர் ஐயா முன்னோடிச் சண்டை போடுவதானால் ஜப்பானை விட்டுவிட்டு அமெரிக்காவிடம் போடட்டும்.

ஆசிரியர்: யோசித்துச் சொல்கிறேன்.

சந்தோஷம்.

கே.கே. நகர்: ஜப்பானில் டீ குடிக்கத்தானே ராகுவே வந்தது?

மேலே இருப்பதைப் படியுங்கள். அவர்கள் செய்வது வேறு, நாம் செய்வது வேறு. நம் கப்பில் பேனா போடலாம்.

திருப்பரங்குன்றம்: போன வருடம் செய்த செம்பு நிறம் பச்சையாகிவிட்டதே?

காற்றுபட்டால் அப்படித்தான் ஆகும்.

ஒத்தக்கடை: ஆடியிலேயே வைக்கலாமே?

அம்மியே பறக்கிற காற்றில் எரிகிற மரத்தூளா? தோப்புக்காரர் விரட்டுவார்.

வில்லாபுரம்: பாலாவது குடிக்கலாமா?

கூடாது!

தல்லாகுளம்: அன்றைக்குத் தோப்பில் டீ கிடைக்குமா?

கிடைக்கும். எவர்சில்வர் டம்ளரில்.