வியட்நாமில் 60 நாள்: தனியாகப் பை மாட்டிக் கிளம்புகிறவருக்கு

கேள்வி: "திருப்பூர்ல பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கறனுங்க. போன வருசம் டூர் குரூப்போட எட்டு நாள் வியட்நாம் போய்ட்டு வந்தேன். மீகாங் பக்கம் வாய்க்காலும் நெல்லும் வாழையும் பார்த்தா எங்க கோபியாட்டவே இருந்துச்சுங்க. அப்பயிருந்து மனசு அங்கயே கிடக்குது. பொங்கல் முடிஞ்சதும் தனியா 60 நாள் போலாம்னு இருக்கறேன். விசா, பணம், பை, பைக் எல்லாம் எப்படீங்க? அங்கயே ஒரு வேலை பார்த்துக்கலாமா?"

பதில்: முதலில் திசையை முடிவு செய்யுங்கள். ஜனவரியில் வடக்கே ஹனோய் 15 டிகிரியை ஒட்டி, தூறலும் மூட்டமுமாக இருக்கும். ஹா ஜியாங் மலையில் குளிர் இன்னும் கடுமை. அதே சமயம் தெற்கில் மழை ஓய்ந்து வெயில் காயும். அதனால் சைகானில் (டிக்கெட்டில் ஹோ சி மின் நகரம்) இறங்கி, கான் தோவில் மீகாங் ஆற்றின் கழிமுகம், குன்னூர் போலக் குளிரும் தா லாத், பிறகு ஹோய் ஆன், மார்ச்சில் வடக்கு என்று மேலே ஏறுங்கள். (அக்டோபர், நவம்பரில் போகிறவர்களுக்கு இந்த வரிசை ஆகாது. அப்போது ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளம் நிற்கும்.) ஐந்து ஊருக்கு மேல் திட்டத்தில் சேர்க்காதீர்கள். 60 நாளில் 15 ஊர் என்றால் அதுவும் டூர் குரூப்தான், கொடி பிடிக்கும் ஆள் மட்டும் இல்லை.

வழியில் டெட் வரும். அது அவர்களின் புத்தாண்டு, நம் தை அல்லது மாசி அமாவாசையை ஒட்டி விழும். அந்த வாரம் ரயில், பஸ் டிக்கெட் கிடைக்காது, கடைகள் சில நாள் அடைத்திருக்கும், அரசு அலுவலகம் இயங்காது. எந்த ஊரில் இருந்தாலும் அங்கேயே தங்கிவிடுங்கள்.

இ-விசா 90 நாள் வரை கிடைக்கும். ஒரு முறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். அரசின் இணையதளத்திலேயே போடுங்கள், பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். நம்மவர்கள் மாட்டுவது பெயரில்தான். ஆதாரில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். ஆதாரைப் பார்த்து டிக்கெட்டும் பாஸ்போர்ட்டைப் பார்த்து விசாவும் எடுத்தால் விமான நிலையத்தில் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். டிக்கெட், விசா இரண்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளே இருக்க வேண்டும். தவறாகப் போட்ட விசாவுக்குக் கட்டணம் திரும்பாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போவதானால் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் பையை வெளியே வந்து வாங்கி மறுபடி போட வேண்டிவரும். அதற்குச் சிங்கப்பூர் விசா தேவைப்படும்.

பணத்தை டாலராகக் கொண்டுபோங்கள். ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர்தான் உச்சவரம்பு, மிச்சத்தைக் கார்டில் ஏற்றுங்கள். கிழிசல், பேனாக் கிறுக்கல் உள்ள நோட்டை வாங்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அங்கே மாற்ற மாட்டார்கள். அந்நாட்டுப் பணமான டாங் நோட்டில் ஒரு பொறி உண்டு: 20,000-மும் நீலம், 5,00,000-மும் நீலம். இரண்டும் வழவழப்பான பிளாஸ்டிக் நோட்டு. இரவில் டாக்ஸிக்கு நீட்டும்போது 20,000 என்று நினைத்து 25 மடங்கு கொடுத்துவிடுகிறார்கள். 5,00,000-ஐ பர்ஸில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள்.

பை 40 லிட்டர் போதும். பல மலிவு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான், எடைபோட்டுப் பார்த்துத்தான் விடுவார்கள். இடுப்புப் பட்டை தொப்புள் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். முதலில் அதை இறுக்கி, பிறகுதான் தோள் வாரை இழுக்க வேண்டும். வரிசை மாறினால் முழு பாரமும் தோளில் இறங்கும், மூன்றாம் நாள் கழுத்து பிடித்துக்கொள்ளும். துணி பற்றி திருப்பூர்க்காரருக்குச் சொல்வது அதிகப்பிரசங்கம்தான், ஆனாலும்: 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) காட்டனைத் துவைத்தால் அந்த ஈரக் காற்றில் மறுநாளும் காயாது, வாடை வரும். எடை குறைந்த, பாலியஸ்டர் கலந்த துணியில் நான்கு டி-ஷர்ட், வடக்குக்கு ஒரு ஸ்வெட்டர்.

பைக் வேண்டாம். இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படியானதை. வாடகைக் கடைக்காரர் உரிமத்தைக் கேட்காமலே சாவியைக் கொடுப்பார், அதை அனுமதி என்று நினைத்துவிடுகிறார்கள். விபத்து நடந்தால் செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். ஹா ஜியாங் வளைவுகளுக்கு உள்ளூர் ஓட்டுநரை அமர்த்திப் பின்னால் உட்காருங்கள்.

சைவம் என்றால் 'ஆன் சாய்' என்று சொல்லுங்கள். காய்கறிதானே என்று வாங்கினால் அதில் 'நுக் மம்' என்ற மீன் சாறு கலந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே பலரும் சைவம்தான், அன்று சைவக் கடைகள் களைகட்டும்.

வேலை விஷயம்: இ-விசாவில் இருந்துகொண்டு சம்பளத்துக்கு வேலை செய்வது சட்டவிரோதம். அங்கேயும் ஆடை ஏற்றுமதி பெரிய தொழில், உங்கள் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் வேலை தரும் நிறுவனம் முதலில் பணி அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குப் பட்டச் சான்றும் அனுபவக் கடிதமும் முறைப்படி சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். அனுபவக் கடிதத்தை இப்போதுள்ள கம்பெனியிடம் லீவு கேட்கும்போது கேட்காதீர்கள், லீவே கிடைக்காமல் போகும்.